வாங்கிய இடம் தெரியவில்லை

செஞ்சி
9 மார்ச் 2025

அன்புள்ள குழலிக்கு,

நீ கொச்சிக்குப் போய் இன்றோடு அறுபத்தெட்டு நாள். எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் தினமும் ஒரு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு வழியாக மெசேஜ் வந்தது. "என்னிடம் பொய் சொன்னது போனில்தான். அதனால் இனி போன் வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதி அனுப்புங்கள்." சரி, டாக்டரம்மா சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்கு அப்புறம் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. காதலித்த காலத்தில்கூட உனக்கு நான் எழுதியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று உன்னைப் பார்ப்பதே அப்போது போதுமாக இருந்தது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ராஜகிரிப் பாறை பத்து மணிக்கே காய்கிறது. மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றி வந்த லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நைனாவுக்குக் கை நடுக்கம் போன வருஷத்தைவிட ஜாஸ்தி. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால், டாக்டரம்மா எப்போது வரும் என்று கேட்கிறார். இரண்டு வருஷப் படிப்பு என்கிறேன். டாக்டர் ஆன பிறகும் இன்னும் என்ன படிப்பு என்கிறார். எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் அவசர சிகிச்சையில் எம்.டி., இப்போது அதற்கும் மேல் விஷத்துக்கென்று ஒரு தனிப் படிப்பு. எனக்கே விரல் விட்டு எண்ணினால்தான் புரிகிறது, அவருக்கு நான் எப்படிச் சொல்ல?

கடை நடக்கிறது. மணிலாக் கடலைக்கு மருந்து அடிக்கும் பருவம், கூட்டத்துக்குக் குறைவில்லை. டீக்கடையில் அந்தப் பழைய கிண்டலை இன்னும் விடவில்லை. "புருஷன் பூச்சிமருந்து விக்கிறான், பொண்டாட்டி உள்ள போனத வெளிய எடுக்கிறா, ரெண்டு பக்கமும் அவங்களுக்குத்தான் யாவாரம்" என்பார்களே, அதுதான். முன்பு நீகூடச் சிரிப்பாய். இப்போது யாராவது ஆரம்பித்தால் நான் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

உன் சாமான் எதையும் நகர்த்தவில்லை. குளியலறைக் கண்ணாடியில் நீ ஒட்டிவிட்டுப் போன பொட்டு அப்படியே இருக்கிறது. உன் உயரத்துக்கு ஒட்டியது. நான் கொஞ்சம் குனிந்தால் சரியாக என் நெற்றிக்கு வருகிறது. தினமும் குனிகிறேன்.

எப்போது லீவ் கொடுப்பார்கள்?

இளவழகன்


கொச்சி
21 மார்ச் 2025

இளவழகன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமாவின் கை நடுக்கத்தை நரம்பு டாக்டரிடம் காட்டச் சொல்லி டிசம்பரிலேயே சீட்டு எழுதி பீரோவில் வைத்தேன். இன்னும் காட்டவில்லை என்று தெரிகிறது.

இங்கே பாதி நாள் வார்டு, பாதி நாள் போன். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வேண்டுமானாலும் விஷம் பற்றிக் கேட்கக் கூப்பிடுவார்கள். குழந்தை கற்பூரத்தை விழுங்கிவிட்டது, காளான் சாப்பிட்ட நாலு பேருக்கு வாந்தி நிற்கவில்லை, இப்படி. நான் முதலில் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். என்ன, எவ்வளவு, எப்போது, எந்த வழியாக, ஏன். இந்த ஐந்துக்கும் சரியான பதில் வந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி என்று எங்கள் துறைத் தலைவர் சொல்வார்.

வந்த மூன்றாம் நாள் ஒரு கூத்து. ஒரு பெரியவரைக் கூட்டிவந்த மகள் "மருந்து கழிச்சு" என்றாள், மருந்து சாப்பிட்டார் என்று மலையாளத்தில். நான் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடி, அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவிட்டார் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். நம் பக்கத்தில் ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு வந்து மருந்து சாப்பிட்டார் என்று சொன்னால் யார் மாத்திரையை நினைப்பார்கள்? காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து. உங்கள் கடைக்கும் மருந்துக்கடை என்றுதானே பெயர்.

சாமுண்டீஸ்வரியும் அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார். போன ஜூலை பதினெட்டாம் தேதி, சிங்கவரத்திலிருந்து அவருடைய கணவர் வீராசாமியை என்னிடம் கொண்டுவந்தார்கள். வயலில் தாகத்துக்கு நன்னாரி சர்பத் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டார். வாந்தியும் மயக்கமுமாக இருந்தார், பேச முடியவில்லை. என்ன குடித்தார் என்று கேட்டால், "மருந்து" என்கிறார் அந்த அம்மா. என்ன மருந்து? "மருந்துதாம்மா." கையில் ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில், லேபிள் இல்லை. நான் உங்களுக்கு போன் செய்தேன், இது நம் கடையில் கொடுத்ததா என்று. "நம்ம கடையில எதையும் பிரிச்சுக் கொடுக்கறதில்ல" என்றீர்கள். மறுநாள் காலையில்தான் உண்மையைச் சொன்னீர்கள். ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது கேட்கிறேன், எழுதுங்கள். அதே ஐந்து கேள்விதான்.

பூங்குழலி


செஞ்சி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள டாக்டர் பூங்குழலி அவர்களுக்கு,

கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயருக்கு ஒரு 'அவர்கள்' கிடையாது. உன் தயவில் கிடைத்தது, சந்தோஷம்.

கேட்டாய், சொல்கிறேன். இருபது சென்ட் வரப்புக்கு அடிக்க ஒருத்தர் லிட்டர் டப்பா வாங்கி என்ன செய்வார்? செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் எந்தக் கடையிலும் கொஞ்சம் பிரித்து ஊற்றிக் கொடு என்றுதான் கேட்பார்கள். கூடாது என்று சட்டம் இருக்கிறது, எனக்கும் தெரியும். கொடுக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி, வாயில் பாலித்தீன் வைத்து மூடி, கழுத்தில் கயிறு கட்டிக் கொடுப்பது கடை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம்.

அன்றைக்கு வீராசாமிக்கு ஊற்றிக் கொடுத்தது நைனா. நான் கமிட்டிக்குப் போயிருந்தேன். நீ போன் செய்தபோது எனக்கு உண்மையிலேயே தெரியாது. மறுநாள் காலையில் நைனா சொன்ன பிறகுதான் உனக்குச் சொன்னேன். வயசான மனுஷன், அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதுமா?

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன். நீ என் பெண்டாட்டியா, போலீஸா? ஐந்து கேள்வி கேட்கிறாயே, சாப்பிட்டாயா என்று ஆறாவதாக ஒன்று கேட்கத் தோன்றவில்லையா?

கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் உன்னிடமிருந்து பதில் வருவது இன்னும் நாலு நாள் தள்ளிப்போகும். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

இளவழகன்


கொச்சி
20 ஏப்ரல் 2025

இளவழகன் அவர்களுக்கு,

டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிறவர், பாட்டில் கழுத்தில் நீலக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, பூ மாதிரி ஒரு முடிச்சுப் போட்டாரா? அந்த முடிச்சை நான் எங்கே முதலில் பார்த்தேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஹாஸ்டலுக்குப் போகும்போது என் புத்தக மூட்டையை நீங்கள்தான் கட்டிக் கொடுத்தீர்கள். அவிழ்க்க மனசில்லாமல் ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன்.

போனில்தான் பொய் வரும், எழுத உட்கார்ந்தால் வராது என்று நினைத்தேன். காகிதத்திலும் வருகிறது. அதுவும் மாமாவின் தலையில் வைத்து.

அன்றைக்கு என் கண் முன்னால் முடிச்சு இருந்தது, காதில் உங்கள் குரல் இருந்தது. நான் குரலைத்தான் நம்பினேன். நம் கடை இல்லை என்றால் வேறு ஏதோ கடையின் பூச்சிமருந்து என்று எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் பத்துக்கு எட்டு பேர் அதோடுதான் வருவார்கள். அதற்கான வைத்தியத்தை ஆரம்பித்தேன், மூச்சு வாங்குகிறதே என்று ஆக்ஸிஜன் வைத்தேன். நீங்கள் கொடுத்தது களைக்கொல்லி. அதில் ஒரு வகை உண்டு. அது உள்ளே போனவருக்கு வேறு வழியே இல்லை என்கிற வரைக்கும் ஆக்ஸிஜன் வைக்கக் கூடாது. வைத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். நான் மறுநாள் காலை வரைக்கும் வைத்திருந்தேன்.

வைக்காமல் இருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அந்தக் களைக்கொல்லி சாப்பிட்டுப் பிழைப்பவர்கள் குறைவு. இதை உங்களுக்கு ஆறுதலாக எழுதவில்லை, நான் படித்தது அதுதான்.

அதில் கொடுமை என்னவென்றால் புத்தி கடைசி வரைக்கும் தெளிவாக இருக்கும். மறுநாளே எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மூன்றாம் நாள் வாய் முழுக்கப் புண். ஐந்தாம் நாள் சிறுநீர் குறைந்தது. அப்போதும் மணிலாக்கொட்டை பிடுங்கும் முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் இல்லையா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஏழாம் நாளிலிருந்து மூச்சுக்குத் திணறினார். சாமுண்டீஸ்வரி கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை என்கிறீர்கள். தினமும் ஒரு மணிக்கு அந்தக் கேள்வி வாய் வரைக்கும் வருகிறது. யாரிடம் கேட்க?

பூங்குழலி


செஞ்சி
3 ஜூலை 2025

குழலிக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்த பிறகு பேனாவை எடுக்கவே கூச்சமாக இருந்தது. நேரில் சொல்லிவிடலாம் என்று ஜூன் பதினைந்தாம் தேதி கொச்சிக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். நல்ல மழை. நீ நீல உடுப்பில் குடையை உதறிக்கொண்டு உள்ளே போனாய். இளைத்துப் போயிருந்தாய். கூட வந்தவர் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், நான் போய் நின்றால் இது போய்விடுமே என்று தோன்றியது. சாயந்திர ரயிலில் திரும்பிவிட்டேன்.

ஊற்றிக் கொடுத்தது நான்தான். முடிச்சும் என்னுடையதுதான். நைனா அன்றைக்குக் கடைக்கே வரவில்லை. நீ போன் செய்தபோது என் எதிரே வேளாண்மை ஆபீசர் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கடையைப் பார்க்க வந்திருந்தார், இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் கிளம்பியதும் உன்னைக் கூப்பிட வேண்டும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் போன பிறகு வேறு புத்தி வந்துவிட்டது. ஒரு வாய்தானே, குழலி கையில் இருக்கிறார், எப்படியும் காப்பாற்றிவிடுவாள், அவர் எழுந்துவிட்டால் நான் எதையும் சொல்லவே வேண்டியதில்லையே என்று இருந்துவிட்டேன். உன் கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் பொய் சொன்னேன் என்றால் உனக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான்.

போன வாரம் சாமுண்டீஸ்வரி மகளோடு கடைக்கு வந்தார். மகள் தமிழினியைத் திண்டிவனத்தில் காலேஜில் சேர்த்திருக்கிறார்களாம். மணிலா விதைக்குப் பூசும் மருந்து வேண்டும் என்றார். கம்பெனி பாக்கெட்டை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை, மகளை எடுக்கச் சொன்னார். நான் என்னவென்று கேட்காமலேயே சொன்னார். "அது வீட்ல இருந்த பாட்டில்னு அவுரே சொன்னாருப்பா. தெனம் பைய கட்டறது நான்தான. சர்பத்துன்னு நெனச்சி மருந்த எடுத்து வச்சிட்டேன். இந்தக் கை வச்சதுதான்."

வீட்டுப் பாட்டில் என்று வீராசாமி ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று காலை எட்டரை மணிக்கு என் கையால் வாங்கி, வயலுக்குப் போய் அவரேதான் அந்தப் பையில் வைத்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் சம்பந்தமே இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாக்கெட்டைப் பையில் போட்டு, போய்ட்டு வாங்க என்று அனுப்பிவைத்தேன்.

நான் என்ன செய்யட்டும், குழலி? நீ சொல்.

இளவழகன்


கொச்சி
14 ஜூலை 2025

இளவழகனுக்கு,

நீங்கள் வந்தது தெரியும். இரண்டாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்தக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு டீ குடித்தீர்கள், மூன்று தடவை ரோட்டைக் கடக்கக் கால் வைத்தீர்கள். நான் இரண்டு தடவை பாதி மாடி இறங்கினேன். நீங்கள் ஆட்டோ ஏறியது தெரிந்ததும் கீழே ஓடி வந்தேன். டீக்கடைக்காரர் உங்கள் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டீ கேட்டு, நீங்கள் நின்ற இடத்தில் நின்று குடித்தேன்.

போன வாரம் போனில் ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். அனந்தபுரம் பக்கத்துக் குழந்தை, அந்துருண்டையைக் கடித்துவிட்டது. பின்னால் அதன் அம்மா கத்துவது கேட்டது, "இன்னா சொல்றாங்க, இன்னா சொல்றாங்க" என்று. ஆறு மாதமாக அந்த 'இன்னா'வைக் கேட்கவில்லை. ஐந்து கேள்வியும் கேட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லி, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு போனை வைத்துவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று எழுதுகிறேன். இதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டாம் நாள் காலை உங்கள் போன் வந்த பிறகு வார்டுக்குப் போனேன். வீராசாமி தெளிந்து உட்கார்ந்திருந்தார். உங்கள் கடையில் வாங்கியதுதான் என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரு பேரு வெளிய வர வேணாம்மா. போலீசு, கேசுன்னு ஆயிடும். எதோ ஒரு வாயி. வீட்ல இருந்த பாட்டில்னே சொல்லிடறேன்" என்றார். பிழைத்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டு சொன்னார். பிழைப்பது கஷ்டம் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பாட்டிலின் கழுத்திலிருந்த நீலக் கயிற்றை வெட்டினேன். வெட்டியதைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

பத்தாம் நாள் போலீஸுக்குத் தர வேண்டிய அறிக்கையை நான்தான் எழுதினேன். விஷத்தின் வகை: களைக்கொல்லி. வாங்கிய இடம்: தெரியவில்லை. என் கையெழுத்து, என் பதிவு எண். அந்த இரண்டாவது வரியால்தான் சாமுண்டீஸ்வரி தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் ஒரு நாள் சொன்ன பொய்யைக் காரணம் காட்டி நான் வீட்டை விட்டு வந்தேன். நான் சொன்ன பொய்யை உங்களிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே தினமும் பத்துப் பேரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அப்போதுதான் காப்பாற்ற முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் இங்கேயே இந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலை தருகிறார்கள். சரி என்று சொல்ல நாக்கு வரவில்லை. உங்களோடு இருக்கவும் முடியவில்லை, நீங்கள் இல்லாமலும் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டீர்களா?

குழலி


செஞ்சி
1 செப்டம்பர் 2025

குழலி,

சாப்பிட்டேன். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று சிங்கவரம் போனேன். உன் கடிதம் வந்து ஆறு வாரமாக இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன். கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது, அதைச் சாக்காக வைத்துப் பத்து நாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டம், பஸ்ஸில் ஏற முடியாது என்று ஒரு வாரம். பைக் வைத்திருப்பவனுக்கு பஸ் கூட்டம் ஒரு சாக்கு. நேற்று நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரை எதற்குடா இழுத்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. "போய்ட்டு வா" என்றார்.

சாமுண்டீஸ்வரி வீட்டு வாசலில் மணிலாக்கொட்டை காயப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னார். வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை. எனக்கு அது வித்தியாசமாக இருந்தது, அப்புறம்தான் காரணம் தெரிந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். பாட்டில் என் கடையுடையது, ஊற்றியது நான், லேபிள் ஒட்டாதது நான், டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான். வீட்டுப் பாட்டில் என்று வீராசாமி சொன்னது என்னைக் காப்பாற்றத்தான். உங்கள் கை அதில் படவே இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ரொம்ப நேரம் கொட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு வருசமா எங் கையால ஒருத்தருக்கும் எதையும் ஊத்தித் தரல. பெத்த பொண்ணு தண்ணி கேட்டாக்கூட நீயே மொண்டுக்கன்னுதான் சொல்லுவேன். அந்த மனுஷன் உங்களக் காப்பாத்திட்டு, என்ன உட்டுட்டுப் போய்ட்டாரு பாரு."

அப்புறம் எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, தமிழினியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அந்தப் பெண் எதற்கு என்று புரியாமல் வாங்கிக் குடித்தது. எனக்குத் தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கிளம்பும்போது கூப்பிட்டு ஒன்று கேட்டார். "டாக்டரம்மா ஒம்போது நாளும் எங் கையப் புடிச்சிக்கினு இருந்தாங்களே. இதெல்லாம் தெரிஞ்சிக்கினேவா புடிச்சிக்கினு இருந்தாங்க?"

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதை மட்டும்தான் சொன்னேன். அது நீ சொல்ல வேண்டியது.

இன்று காலை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேளாண்மை ஆபீசிலும் கொடுத்தேன். கடையைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள், கேஸ் வரும். டீக்கடையில் இன்று யாரும் கிண்டல் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து நைனாவோடு உட்கார்ந்து பழையதும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ருசி தெரிந்தது. நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

இளவழகன்


கொச்சி
14 செப்டம்பர் 2025

என்னங்க,

அவர் கேட்டதற்குப் பதில், ஆமாம். தெரிந்துகொண்டேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலையிலிருந்து கடைசி வரைக்கும். அந்த அம்மா என்னை ஆறுதலுக்குப் பிடித்தார். நான் அவரை எதற்குப் பிடித்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன்.

அந்த அறிக்கையில் நான் எழுதியது பொய் என்று போலீஸுக்கும் மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுதிவிட்டேன். கயிற்றை வெட்டியதையும் எழுதினேன். அனுப்பும் முன்னால் எங்கள் துறைத் தலைவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பதில் வரும் வரைக்கும் நீ போனை எடுக்க வேண்டாம், வார்டுக்கும் வர வேண்டாம் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பதிவு எண்ணைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துவிடலாம், மொத்தமாகவும் எடுக்கலாம். படிப்பும் வேலையுமாகப் பதினான்கு வருஷம் இதில் இருந்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். என்னையே இன்னும் மன்னிக்கவில்லை, உங்களுக்கு முறை வர நாள் ஆகும். ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் சட்டையில் அடிக்கும் அந்தக் கடை வாசனை எனக்குப் பிடிக்காது என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கடையும் இல்லை, வாசனை போயிருக்கும். அதற்குள் ஒரு தடவை வந்திருக்கலாம் என்று இருக்கிறது.

23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரத்தில் இறங்குகிறேன். பைக்கில் வாருங்கள். நேரே சிங்கவரம் போவோம். நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள், நான் மட்டும் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், கதவைச் சாத்தினாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்கு என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடித்துவிடப் பார்த்தேன், கை வரவில்லை.

குழலி